'சட்டப் புத்தகம் எங்கே?' என்று கேட்பவருக்கு என்னதான் வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் மாலை நேரத்தில் தன்னார்வலராக உட்காருகிறேன். "சட்டப் புத்தகம் எங்கே இருக்கு?" என்று கேட்டு வருகிறார்கள், அலமாரியைக் காட்டுகிறேன், கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு வெறுங்கையோடு போய்விடுகிறார்கள். நான் வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: அலமாரியைச் சரியாகத்தான் காட்டியிருக்கிறீர்கள். சிக்கல் அவர் கேட்ட கேள்வியில் இருக்கிறது.

அமெரிக்க நூலகவியலாளர் ராபர்ட் டெய்லர் 1968இல் எழுதிய கட்டுரையில், ஒருவருக்குள் கேள்வி உருவாவதை நான்கு படிகளாகப் பார்த்தார். முதலில், சொல்லவே வராத ஓர் உறுத்தல். அப்புறம் மனசுக்குள் கலங்கலாக ஓர் உருவம். மூன்றாவது, தெளிவான கேள்வி. உங்கள் மேசைக்கு வருவதோ நான்காவது: 'இந்த இடத்தில் என்ன கிடைக்கும்' என்று யோசித்து, அதற்குத் தக்கபடி அவரே வெட்டிச் சுருக்கிக் கொண்டுவரும் கேள்வி.

ஒருவருடைய அப்பா இறந்துவிட்டார், நிலத்தின் பட்டாவைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்ற வேண்டும், 'வாரிசுச் சான்று வாங்குப்பா' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், எங்கே போவது என்று தெரியவில்லை என்று வையுங்கள். நூலகத்தில் இருப்பது புத்தகம், தன்னுடையது சட்ட விவகாரம், ஆகவே 'சட்டப் புத்தகம் எங்கே?' என்கிறார். அவர் மனதில் ஓடுவது ஒரு தடித்த புத்தகமும், அதில் எங்கோ தனக்கான ஒரு பக்கமும். ஆனால் சான்றைத் தருபவர் வட்டாட்சியர், இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம், இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்ற நாலு வரி கிடைத்தாலே அவர் வேலை நடந்துவிடும்.

சரி, இதை எப்படி வெளியே கொண்டுவருவது? "எதுக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். விவாகரத்தோ கடனோ நோயோ, உள்ளே என்ன இருக்கிறதோ, அந்தக் கேள்வி விசாரணை மாதிரி விழும். "சிவிலா, கிரிமினலா?" என்பதும் உதவாது, அது நாம் வகுத்துவைத்த பிரிவு, அவர் வெட்கப்பட்டு ஏதோ ஒன்றைச் சொல்லிவைப்பார். ஆய்வாளர்கள் பிரெண்டா டெர்வினும் பட்ரிசியா டியூட்னியும் 1986இல் முன்வைத்த முறை எனக்குப் பிடித்தது: ஆளின் நிலைமை, அவர் தடைப்படும் இடம், கிடைத்ததை வைத்து என்ன செய்யப்போகிறார், இந்த மூன்றைச் சுற்றியே கேட்பது. "ஐயா, என்ன விஷயமா பாக்குறீங்க?", "இதுவரைக்கும் என்ன தெரியும், எங்க நிக்குது?" இவ்வளவு போதும். தெரியாத ஒன்றை விவரி என்றால் யாரும் திணறத்தான் செய்வார்கள், நடந்ததைச் சொல்லச் சொன்னால் தடையில்லாமல் வரும்.

எல்லோரிடமும் இதைச் செய்யவும் வேண்டாம். புத்தகப் பெயரோடு வரும் டிஎன்பிஎஸ்சி மாணவரிடம் கதை கேட்டுக்கொண்டிருந்தால் எரிச்சல்தான் மிஞ்சும், எடுத்துக் கொடுத்துவிடுங்கள். மற்றவர்களோடு அலமாரி வரை நீங்களும் நடந்து போங்கள். ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து "இந்த மாதிரியா தேடினீங்க?" என்று கேளுங்கள். "இல்லைங்க, அது வந்து..." என்று பலர் அங்கேதான் பேசத் தொடங்குவார்கள்.