களியக்காவிளையில மாட்டுன கேமராவுக்கு திருவனந்தபுரத்துல போய் கேஸ் போடணுமா?

களியக்காவிளை பக்கத்துல இருந்து ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க எழுதியிருக்காங்க. மகன் கல்ஃப்ல, வீட்டுல இவங்க தனியா. ரப்பர் ஷீட் காயப்போடுற ஷெட்டுல ரெண்டு தடவ களவு போனதால எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல உள்ள பாறசாலை கடை ஒண்ணுல நாலு ஐபி கேமரா (நெட்வொர்க் வயர்ல ஓடுற கேமரா), ரெக்கார்டர், வயர் இழுத்து மாட்டுற கூலி எல்லாம் சேர்த்து 38,000 ரூபா கொடுத்திருக்காங்க. வீட்டுல உள்ள ரெண்டும் தெரியுது, ஷெட்டுல உள்ள ரெண்டும் மூணு மாசமா ரெக்கார்டர்ல வரவே இல்ல. கடைக்காரர் கேமரா நல்லாத்தான் இருக்கு, வயர்தான் பிரச்சன, அதுக்கு வாரன்டி இல்லங்கிறார், கேஸ் போடுறதுன்னா திருவனந்தபுரத்துலதான்னு பில்லுல அடிச்ச வரிய காட்டுறார்.

டீச்சர், வயர் பிரச்சனன்னாலும் அந்த வயர இழுத்தது அவர் ஆளுங்கதான, கூலியும் வாங்கியிருக்காரு, அப்போ அது சேவைக் குறைபாடு, பொருளுக்கு வாரன்டி உண்டா இல்லையான்னு பேச்சே இங்க வராது. லேன் கேபிள், அதாவது கேமராவுல இருந்து வர்ற நெட்வொர்க் வயர், ஒரே இழுப்புல 100 மீட்டருக்கு மேல போனா நடுவுல நெட்வொர்க் சுவிட்ச் (சிக்னல வாங்கி திரும்ப அனுப்புற சின்னப் பெட்டி) இல்லாம சிக்னல் ஒழுங்கா வராது, வீட்டுல இருந்து ஷெட்டு வரைக்கும் டேப் பிடிச்சு அளந்து பாருங்க. அப்புறம் ஷெட்டு கேமராவ கழட்டி வீட்டுக்குள்ள கொண்டுவந்து, நல்லா ஓடுற கேமராவோட வயர்ல மாட்டிப் பாருங்க. அதுலயும் வரலைன்னா கேமராவிலயோ அதோட பாஸ்வேர்ட், செட்டிங்லயோதான் கோளாறு, வந்துட்டா வயர் பக்கம்தான். எதுவா இருந்தாலும் பொறுப்பு அவருதுதான். இத முழுசா போன்ல வீடியோ எடுத்து வைங்க, ஆனா கேமராவ திறக்காதீங்க, சீல் உடைஞ்சா அதையே பிடிச்சுக்குவாங்க.

எல்லை தாண்டவே வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 34வது பிரிவுப்படி நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம், உங்களுக்கு அது நாகர்கோவில்ல உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். சட்டம் கொடுத்த உரிமைய பில்லுல உள்ள ஒத்த வரி பறிச்சிர முடியாது. கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, வக்கீல் வைக்கணும்னும் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாகணும், அவ்வளவுதான்.

அதுக்கு முன்ன ரிஜிஸ்டர் தபால்ல ஒரு நோட்டீஸ், 15 நாள் டைம் கொடுத்து, சரி பண்ணு இல்ல பணத்த திருப்பிக் கொடுன்னு. பில்லு மலையாளத்துல இருந்தா தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ மொழிபெயர்ப்பு சேர்த்துக்கங்க. ஷெட்டுன்னு வர்றதால வியாபாரத்துக்கு வாங்குனது, நீங்க நுகர்வோரே இல்லன்னு எதிர்தரப்பு வாதம் பண்ணும், அதனால தனியா இருக்குற வீட்டுப் பாதுகாப்புக்கும், நானே பாக்குற சின்னத் தோட்டத்துக்கும்னு புகார்லயே தெளிவா எழுதிருங்க. வீடியோவ சாட்சியா வைக்கும்போது 2023 சாட்சியச் சட்டம் 63வது பிரிவு சர்டிபிகேட் (மின்னணுப் பதிவுகளுக்கு கொடுக்குற சான்று) கூட வச்சா நல்லது.

நீங்க கடைசி வரியில சும்மா சொல்லிட்டு போன விஷயம்தான் எனக்கு பெரிய கவலை, ரெக்கார்டரோட அட்மின் பாஸ்வேர்ட் இன்னும் கடைக்காரர்ட்டதான் இருக்குன்னீங்களே. அது அவர் கையில இருந்தா உங்க வீட்டு வராந்தாவ அவர் போன்லயே பாக்க முடியும். நோட்டீஸ்ல மொத கோரிக்கையா அந்த பாஸ்வேர்ட ஒப்படைக்கச் சொல்லுங்க, அதுவரைக்கும் ரெக்கார்டருக்கு போற இன்டர்நெட் வயர இன்னைக்கே உருவிப் போடுங்க, கேமரா வயரெல்லாம் ரெக்கார்டர்லயே நேரா மாட்டியிருந்தா நெட் இல்லாமலே ரெக்கார்டிங் ஓடும்.