ஸ்டெல்லாரிஸில் உள்நாட்டுக் கோஷ்டிகளை அடக்குவதா, அரவணைப்பதா?

விண்வெளிப் பேரரசு ஒன்றை ஆளும் கணினி விளையாட்டான ஸ்டெல்லாரிஸைப் பற்றி வந்த கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டவருடைய பேரரசு தீவிரப் பொருள்முதல்வாதமும் அந்நியர் நேயமும் கொண்டது, சிறுகுழு ஆட்சி. பக்கத்திலிருந்த ஆன்மிகப் பேரரசிடமிருந்து இரண்டு கோள்களைப் பிடித்திருக்கிறார். அதன்பின் உள்நாட்டில் ஓர் ஆன்மிகக் கோஷ்டி முளைத்து, அதன் ஆதரவு 15 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. ரோபோக்களைத் தடை செய் என்று அது நச்சரிக்கிறது. செய்தால் பொருள்முதல் கோஷ்டி கொதிக்கும். அடக்குவதா, அரவணைப்பதா என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம். முணுமுணுத்துக்கொண்டு கிடக்கட்டும். கோஷ்டித் திரையில் சிவப்பாக ஒரு வரி தெரிந்தாலே அதைப் பச்சையாக்கியாக வேண்டும் என்ற பதற்றம்தான் இந்த விளையாட்டில் நல்ல பேரரசுகளைக் கெடுக்கிறது. பேரரசும் குடிகளும் பின்பற்றும் நெறிகள் நான்கு எதிரெதிர் இணைகளாக அமைந்தவை: போர்க்குணமும் அமைதியும், அந்நியர் வெறுப்பும் அந்நியர் நேயமும், அதிகாரமும் சமத்துவமும், பொருள்முதலும் ஆன்மிகமும். ஒரு முனையில் நிற்பவனுக்குப் பிடித்தது மறுமுனைக்காரனுக்குப் பிடிக்காது. உங்கள் எல்லைக்குள் நாலு விதமான குடிகள் சேர்ந்துவிட்டால் யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருப்பார். யார் முகம் சுளித்தால் நமக்கு நட்டம் குறைவு என்று முடிவு செய்வதே ஆட்சியாளர் வேலை.

வழிகாட்டிகளைத் தேடிப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டெல்லாரிஸ் 2016 மே மாதம் வெளிவந்தபோது கோஷ்டிகள் என்றால் பெரும்பாலும் பிரிவினைக் கும்பல்கள்தான். இன்று நாம் பார்க்கும் வடிவம், அதாவது ஒவ்வொரு நெறிக்கும் ஒரு கோஷ்டி, அதற்கென்று ஒரு கோரிக்கைப் பட்டியல் என்பது, 2017 ஏப்ரலில் யுடோபியா விரிவாக்கத்தோடு சேர்ந்து வந்த 1.5 பதிப்பில் அமைந்தது. அப்போதும் அதற்குப் பிறகு பல ஆண்டுகளும் திருப்தியான கோஷ்டிகள் செல்வாக்குப் புள்ளிகளைத் தந்தன. 2022 பிப்ரவரியில் 3.3 பதிப்பு அதை மாற்றியது. இப்போது அவை தருவது ஒற்றுமைப் புள்ளிகள். ஆகவே ‘கோஷ்டிகளை மகிழ்வித்தால்தான் புதிய நட்சத்திர மண்டலங்களைப் பிடிக்கச் செல்வாக்குக் கிடைக்கும்’ என்று யாராவது எழுதியிருந்தால், அது பழைய கதை. ஒற்றுமை என்பது மரபுகளுக்கும் ஆணைகளுக்கும் தலைவர்களுக்கும் செலவாகும் சரக்கு. நல்ல வருமானம்தான். ஆனால் அதை ஈட்ட வேறு பத்து வழிகள் இருக்கின்றன. 15 விழுக்காட்டுக் கோஷ்டி ஒன்று முறைத்துக்கொண்டிருப்பதால் கஜானா காலியாகிவிடாது.

இந்த 15 விழுக்காடு என்பது தலைக்கணக்கு அல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. கோஷ்டியின் ஆதரவு அதன் உறுப்பினர்களின் அரசியல் பலத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அந்தப் பலத்தைத் தீர்மானிப்பது, அவர்கள் ஆளும் அடுக்கு, தொழிலாளர் அடுக்கு என்று எந்தச் சமூக அடுக்கில் இருக்கிறார்கள், எந்த வாழ்க்கைத் தரத்தை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள் என்பவைதான். ஏற்றத்தாழ்வான பொருளாதாரத்தை வைத்திருந்தால் ஆளும் அடுக்கைச் சேர்ந்தவரின் பலம் தொழிலாளியைவிடப் பல மடங்கு. பேச்சுக்குப் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோளில் நூற்றுக்கு ஐந்து பேர் ஆளும் அடுக்கு என்றால், அந்த ஐந்து பேரின் எடை ஐம்பது. மற்ற தொண்ணூற்றைந்து பேரின் எடை தொண்ணூற்றைந்து. ஐந்து விழுக்காட்டு ஆட்கள் மொத்தப் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வைத்திருக்கிறார்கள். அடிமைகளின் பலம் மிகவும் சொற்பம். கற்பனாலோகச் செழிப்பு போன்ற தரங்களில் இந்த இடைவெளி சுருங்கிவிடும்.

இதன் பொருள் என்னவென்றால், வாழ்க்கைத் தரத்தை மாற்றும்போதெல்லாம் நீங்கள் வாக்காளர் பட்டியலையே மாற்றுகிறீர்கள். ஒரே மக்கள்தொகை, ஒரே நம்பிக்கைகள். ஆனால் தரத்தை உயர்த்திய மறுமாதமே ஒரு கோஷ்டி வீங்கும், இன்னொன்று வற்றும். பிடித்த கோள்களின் குடிகளுக்கு நல்லெண்ணத்தில் உயர்ந்த தரம் கொடுத்துவிட்டு, ஆன்மிகக் கோஷ்டி ஏன் திடீரென்று பெருத்தது என்று வியப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனவே உங்கள் 15 விழுக்காடு யாருடைய பலம் என்று முதலில் பாருங்கள். கோஷ்டியின் பெயரைத் தட்டிவிட்டு நின்றுவிடாமல், அந்த இரண்டு கோள்களின் மக்கள்தொகைப் பக்கத்துக்குப் போங்கள். ஆளும் அடுக்கில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் ஆளா, பழைய பேரரசின் ஆளா? பெரும்பாலும் பழைய ஆளாகத்தான் இருப்பார். கோளைப் பிடித்த கையோடு யாரும் அதைத் திருத்துவதில்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். கோஷ்டி என்பது பேரரசு அளவிலான விஷயம். நிலைத்தன்மை கோள் அளவிலான விஷயம். பேரரசு முழுக்கத் தூவிக் கிடக்கும் 15 விழுக்காடு ஒன்றும் செய்யாது. அதே 15 விழுக்காடு இரண்டே கோள்களில் குவிந்திருந்தால், அங்கே அதிருப்தி பெரும்பான்மையாகி, நிலைத்தன்மை சரிந்து, உற்பத்தி குறைந்து, கடைசியில் கலகச் சூழ்நிலை உருவாகும். உங்கள் பிரச்சினை அநேகமாக இந்த இரண்டாவது வகை. இதற்குத் தீர்வு ரோபோ பாலிசியில் இல்லை. அந்தக் கோள்களில் இருக்கிறது. குடிகளுக்கு வசதிகளைத் தரும் ஹோலோ தியேட்டர் கட்டுங்கள். வசதிகள் பற்றாக்குறையாக இருக்கும் கோளில் நெறி பேசிப் பயனில்லை. குற்றம் ஏறியிருந்தால் காவல் பணியிடங்களைத் திறங்கள். நிலைமை கை மீறும் என்று தோன்றினால் அரண் கட்டி ராணுவச் சட்டத்தையும் பிறப்பிக்கலாம். அழகான வழி இல்லை, ஆனால் வேலை செய்யும். அங்குள்ளவர்கள் தனி இனமாக இருந்தால் அந்த இனத்துக்கு மட்டும் உரிமைகளையும் தரத்தையும் தனியாக நிர்ணயிக்கலாம். அப்படி உயர்த்தினால் கோஷ்டியின் எடை கொஞ்சம் கூடும் என்று மேலே சொன்னதையும் மறக்க வேண்டாம். நான் அந்த விலையைக் கொடுத்துவிடுவேன். திரையில் ஓர் எண் கூடுவதைவிட ஒரு கோள் கைவிட்டுப் போவது பெரிய இழப்பு.

இனி கோரிக்கைப் பட்டியல். ஒவ்வொரு கோஷ்டிக்கும் பல கோரிக்கைகள் உண்டு; ஒவ்வொன்றின் எடையும் வேறு. ஆன்மிகக் கோஷ்டி ரோபோவைப் பற்றிப் பேசுகிறது என்பதற்காக அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் ஆட்சிக்கு எந்தச் செலவும் வைக்காத கோரிக்கை ஏதாவது பட்டியலில் இருந்தால் அதைக் கொடுத்துவிடுங்கள். அந்நியர் நேயக் கோஷ்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நட்பு நாடுகளோடு குடியேற்ற ஒப்பந்தங்கள் போட்டால் அதற்குக் குளிர்ந்துவிடும். ஒப்பந்தத்தால் உங்களுக்கும் குடிகள் பெருகுகிறார்கள். ஆகவே உங்கள் ஆளும் நெறிகளைச் சேர்ந்த இரண்டு தாய்க் கோஷ்டிகளும், அதாவது பொருள்முதலும் அந்நியர் நேயமும், நன்றாகத் திருப்தியடைந்திருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. அவர்கள் திருப்தியாக இருந்தால் ஒற்றுமை வருமானமும் மகிழ்ச்சியும் அங்கிருந்தே வந்துவிடும். வெளியில் நிற்கும் மூன்றாவது ஆளுக்காக இவர்களில் ஒருவரைப் பகைத்துக்கொள்வது கணக்குக்கு ஒத்துவராது.

ரோபோ தடையைப் பற்றி ஒரு வரி. தடை செய்தால் இருக்கும் ரோபோக்கள் பிரித்துப் போடப்படும். சுரங்கங்களில் நிற்கும் ஆட்கள் காணாமல் போவார்கள். மனம் மாறினாலும் பாலிசியை உடனே திருப்ப முடியாது, பத்தாண்டு காத்திருக்க வேண்டும். பொருள்முதல்வாதிக்கு இது தற்கொலை. செயற்கை அறிவுக்கு உரிமை கொடுக்காமல், தடையும் செய்யாமல், அடிமையாக வைத்திருக்கும் நடுவழியும் இருக்கிறது. இரு தரப்பையும் சமாதானப்படுத்தும் போலத் தோன்றும். உண்மையில் இரண்டு கோஷ்டிகளுக்கும் அரைகுறைதான்; சிந்தெடிக் டான் விரிவாக்கம் வைத்திருந்தால் இயந்திரக் கலகத்துக்கும் அதுவே வாசல்.

அரவணைப்பு என்பது கோஷ்டியின் மனத்தைக் குளிர்விக்கும் சடங்கு அல்ல. அது உங்கள் பேரரசின் நெறியையே அந்தத் திசைக்கு நகர்த்தும் முடிவு. ஒற்றுமைப் புள்ளிகளைச் செலவழித்து இதைச் செய்கிறீர்கள். நெறி நகர்ந்தால் அதைச் சார்ந்த அமைப்புகளும் ஆட்டம் காணும்: டெக்னோகிரசி என்ற அறிஞர் ஆட்சி அமைப்பு பொருள்முதல் நெறியை நம்பி நிற்பது, நெறி போனால் அதுவும் செயலற்றுப் போகும். சமத்துவ நெறிக்கு மாறினால் சர்வாதிகாரம், பேரரச முறை இரண்டும் பொருந்தாது. ஆகவே அரவணைப்பை, ஆட்டத்தின் நடுவில் வேறு பேரரசாக மாற வேண்டும் என்று நீங்களே முடிவு செய்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அமைதிவாதியாக நூறு ஆண்டு வளர்ந்து, பின்பு போர்க்குணத்துக்குத் தாவுவது போன்ற திட்டங்களுக்கு அது அருமையான கருவி. முறைக்கும் சிறுபான்மையை ஆற்றுப்படுத்த அது கருவியே அல்ல.

அடக்குதலும் ஊக்குவிப்பும் வேறு கதை. அவை குடிகளைத் தன் பக்கம் இழுக்கும் அந்த நெறியின் ஈர்ப்பைக் குறைக்கவோ கூட்டவோ செய்யும்; நடப்பில் இருக்கும் வரை செலவும் ஓடிக்கொண்டிருக்கும். வேலை செய்யும், மெதுவாக. நான் அடக்குவதைவிட என் தாய்க் கோஷ்டியை ஊக்குவிப்பதையே விரும்புவேன், ஏனென்றால் ஈர்ப்பு என்பது ஒன்றோடொன்று போட்டியிடும் எடைகள்; ஒரு பக்கம் கூடினால் மறு பக்கம் தானாகவே குறையும். அதைவிட முக்கியம், ஈர்ப்பின் பெரும்பகுதி உங்கள் நடத்தையிலிருந்தே வருகிறது. போரில் மூழ்கியிருந்தால் போர்க்குணம் வளரும். நெடுங்காலம் அமைதியாக இருந்தால் அமைதிவாதம் வளரும். பேரரசின் ஆளும் நெறிகளுக்கு இயல்பாகவே ஈர்ப்பு அதிகம். தீவிர நெறியாக இருந்தால் இன்னும் அதிகம். பிடிபட்ட கோள்களின் குடிகள் பழைய நெறியோடு வருகிறார்கள். ஆண்டுகள் ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் சாய்கிறார்கள். எனவே உங்கள் ஆன்மிகக் கோஷ்டி உள்நாட்டில் வளர்ந்த கோஷ்டி அல்ல, இறக்குமதி. மேலும் இரண்டு ஆன்மிகக் கோள்களைப் பிடிக்காமல் இருந்தால் அது தானே கரையத் தொடங்கும். பிடித்தே தீருவேன் என்றால், கோஷ்டி வளர்கிறது என்று குறை சொல்லக் கூடாது.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், குடிகள் எல்லாரும் ஒரே மனமாக இயங்கும் கூட்டுமனப் பேரரசோ அதே போன்ற ஒரே மன இயந்திரப் பேரரசோ எடுத்து ஆடலாம். அங்கே கோஷ்டியே கிடையாது. எனக்கு அது சுவாரசியம் இல்லை. இதற்கு நேர்மாறாக, தேர்தலும் செனட்டுமாக அரசியலைத் தூக்கிப் பிடிக்கும் விளையாட்டு வேண்டுமென்றால் 2017இல் வந்த எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2 இருக்கிறது. அதில் ஆறு கட்சிகள். இருபது சுற்றுக்கு ஒரு முறை தேர்தல். நீங்கள் கட்டும் கட்டடமும் நடத்தும் போரும் எந்தக் கட்சிக்கு வாக்குச் சேர்க்கும் என்று கண்ணெதிரே தெரியும். ஸ்டெல்லாரிஸ் அதே காரியத்தைத் திரைக்குப் பின்னால் செய்கிறது. புதியவர்களுக்கு அதுதான் குழப்பம்.

உங்கள் ஆட்டத்துக்குத் திரும்பினால், நான் செய்யும் வரிசை இதுதான். இன்றே அந்த இரண்டு கோள்களின் வசதிகளையும் ஆளும் அடுக்கையும் சரிசெய்வேன். குடியேற்ற ஒப்பந்தம் போடாத நட்பு நாடு ஏதாவது மிச்சம் இருந்தால் போட்டுவிடுவேன். பொருள்முதல் கோஷ்டியை ஊக்குவிப்பில் போட்டுவிட்டு, ரோபோ பாலிசியைத் தொடவே மாட்டேன். செயற்கை அறிவுக்கு முழுக் குடியுரிமை கொடுப்பதாக இருந்தால், அந்தக் கோள்களின் நிலைத்தன்மை ஐம்பதைத் தாண்டிய பிறகு கொடுப்பேன்; அந்த அறிவிப்பு வந்த மாதம் ஆன்மிகக் கோஷ்டி அதலபாதாளத்துக்குப் போகும், அதைத் தாங்கும் பலம் கோள்களுக்கு முன்கூட்டியே இருக்க வேண்டும். நீங்கள் எந்தப் பதிப்பில் ஆடுகிறீர்கள் என்று சொல்லவில்லை. 2025இல் வந்த 4.0 பதிப்பு குடிகளைத் தனித்தனியாக எண்ணாமல் நூற்றுக்கணக்கில் எண்ணுகிறது. அங்கே மக்கள்தொகைப் பக்கம் பார்க்க வேறு மாதிரி இருக்கும், ஆனால் மேலே சொன்ன கணக்கு மாறாது.