அமெரிக்காவில் தன்பாலினத் திருமணம்: மாநில உரிமை எதுவரை? கேள்வி பதில்

கேள்வி: சார், அமெரிக்காவில் திருமணச் சட்டம் மாநிலங்கள் கையில்தானே? 2015-ல் உச்ச நீதிமன்றம் எப்படித் தலையிட்டு, நாடு முழுக்கத் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்தது?

பதில்: லைசென்ஸ், வயது, விவாகரத்து எல்லாம் இன்றும் மாநிலச் சட்டம்தான். ஆனால் எந்த மாநிலச் சட்டமும், சுதந்திரத்தையும் சமமான சட்டப் பாதுகாப்பையும் எல்லோருக்கும் உறுதிசெய்யும் அரசியல் சாசனத்தின் 14-வது திருத்தத்தை மீற முடியாது. வெள்ளையர், கறுப்பர் கலப்பு மணத்தைத் தடுத்த விர்ஜீனியா சட்டம் 1967-ல் அப்படித்தான் விழுந்தது.

2015 வழக்கைப் போட்ட ஜிம் ஓபர்கெஃபெல் ஒஹாயோ மாநிலத்துக்காரர். அவருடைய துணைவர் ஜான் ஆர்தர் நரம்பு நோயில் படுத்த படுக்கை. 2013-ல் மருத்துவ விமானத்தில் மேரிலாந்து போய், இறங்கக்கூட முடியாமல் விமானத்துக்குள்ளேயே மணம் முடித்தார்கள். ஊர் திரும்பினால் ஒஹாயோ சட்டப்படி அவர்கள் தம்பதி இல்லை. ஜான் இறந்தால் இறப்புச் சான்றிதழில் துணைவர் பெயர் வராது. சான்றிதழில் வர வேண்டிய அந்த ஒரு பெயருக்காகத் தொடங்கிய வழக்கு அது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு; மாநிலத் தடைகள் விழுந்தன.

கேள்வி: சுமார் 30 மாநிலங்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தடை கொண்டுவந்தார்கள். ஐந்து நீதிபதிகள் அதை அழிப்பது நியாயமா?

பதில்: தலைமை நீதிபதி ராபர்ட்ஸே தன் மாறுபட்ட தீர்ப்பில் எழுப்பிய கேள்வி இது, ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலம் 2004 மே 17 முதல் தன்பாலின ஜோடிகளுக்குத் திருமண லைசென்ஸ் கொடுத்தது. திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் மட்டுமே என்று 1996-ல் போட்ட சட்டத்தைக் காட்டி ஃபெடரல் (மத்திய) அரசு அந்தத் திருமணங்களை ஏற்க மறுத்தது. மாநில உரிமை பேசிய பலர் அதை ஆதரித்தார்கள்; நாடு முழுக்கத் தடை விதிக்கச் சாசனத்தையே திருத்தவும் 2004, 2006-ல் முயன்றார்கள். தனக்குப் பிடித்த முடிவை எடுக்கும் மாநிலத்துக்கு மட்டும் உரிமை என்றால் அது கொள்கையே இல்லை.

அதே வாசகர்: உங்கள் பக்கமும் அதைத்தானே செய்தது? 2013-ல் எடித் வின்ட்சர் வழக்கில் மாநில உரிமை இனித்தது, 2015-ல் கசந்ததா?

பதில்: சரியான பிடி. வின்ட்சரின் மனைவி இறந்தபோது அவர் 3,63,053 டாலர் வாரிசு வரி கட்ட நேர்ந்தது. நியூயார்க் ஏற்ற திருமணத்தை ஃபெடரல் அரசு ஏற்கவில்லை. தீர்ப்பில் மாநில அதிகாரம் பற்றி நிறையவே பேசினார் நீதிபதி கென்னடி. ஆனால் அந்த 1996 சட்டப் பிரிவை வீழ்த்திய முடிவு நின்றது சாசனத்தின் 5-வது திருத்தம் தரும் சுதந்திரத்தின்மேல். 2015 தீர்ப்பும் அவர் எழுதியதே. மாநிலம் கூடுதலாகத் தரலாம். சாசனம் தந்ததற்குக் கீழே இறங்க முடியாது. இரண்டுக்கும் அதுதான் அளவுகோல்.

கேள்வி: 2022-ல் தனிச் சட்டமே வந்துவிட்டதே, இனி என்ன பயம்?

பதில்: எல்லோரும் ஏமாறும் இடம் இது. பிற மாநிலத்தில் முறைப்படி நடந்த திருமணத்தை ஏற்கச் சொல்கிறது அச்சட்டம். லைசென்ஸ் கொடுக்கச் சொல்லவில்லை. 2015 தீர்ப்பு கவிழ்ந்தால் பல மாநிலங்களில் பழைய தடை உயிர்பெறும். ஒஹாயோ ஜோடி மறுபடி வேறு மாநிலம் தேடி ஓட வேண்டும்.

கேள்வி: அப்போ 2022 சட்டப்படி எல்லா மாநிலமும் மணம் நடத்திவைக்கணுமா?

பதில்: இல்லை. மேலே சொல்லிவிட்டேன், தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: இந்தியாவில்?

பதில்: 2023 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம் அங்கீகரிக்க மறுத்து, நாடாளுமன்றத்திடம் விட்டது. அதைத் தனியாகப் பேசுவோம்.

கேள்வி: துணைவருக்கு விசா?

பதில்: குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்.

மக்கள் ஓட்டு பற்றிக் கேட்ட வாசகர்: மக்கள்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பேன், கடைசிவரை.

பதில்: செய்கிறார்களே! 2020-ல் நெவாடா, 2024-ல் கலிஃபோர்னியா, கொலராடோ வாக்காளர்கள் தங்கள் மாநிலச் சாசனத்திலிருந்த தடையை நீக்கினார்கள். மற்ற மாநிலங்களிலும் அந்த வரிகளை இப்போதே நீக்க வேண்டும், தீர்ப்பு கையில் இருக்கும்போதே.