குட்டி நாயின் இதயத்தில் 'மர்மர்': வாசகர் கேள்விகள்

கேள்வி: 8 வார லாப்ரடார். தடுப்பூசி போடப் போனபோது மெல்லிய மர்மர் (இதயத் துடிப்போடு கேட்கும் இரைச்சல்) கேட்கிறது என்றார்கள். உடனே எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டுமா?

பதில்: இந்தச் சத்தம் எவ்வளவு பலமானது என்பதற்கு 6 படிகள் உண்டு. 1, 2ஆம் படி என்றால், குட்டி நன்றாக விளையாடி எடையும் ஏறிவந்தால், அடுத்த தடுப்பூசிகளின்போது மறுபடி கேட்டுப் பார்த்தால் போதும். பெரும்பாலும் 4, 5 மாதத்துக்குள் மறைந்துவிடும். மறையாவிட்டால் எக்கோ. 4ஆம் படியோ அதற்கு மேலோ என்றால் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: இதயக் கீழறைகளின் நடுச்சுவரில் ஓட்டை, சத்தமோ 5ஆம் படி. ஓட்டை ரொம்பப் பெரிதா?

பதில்: பெரும்பாலும் நேர்மாறு. ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும் அல்லவா? சின்ன ஓட்டைதான் அதிகம் இரையும். நுரையீரல் தமனி வால்வு சுருங்கியிருந்தால் கணக்கு வேறு: டாப்ளர் ஸ்கேனில் தெரியும் ரத்தத்தின் வேகத்தை வர்க்கமாக்கி 4ஆல் பெருக்கினால், வால்வின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைக்கும். நொடிக்கு 4.5 மீட்டர் என்றால் 81 மி.மீ. பாதரசம். 50க்குக் கீழ் லேசானது, 80க்கு மேல் கடுமையானது. மயக்க மருந்து கொடுத்து எடுத்தால் எண் குறையும். ஸ்கேன் அலை ரத்த ஓட்டத்துக்குச் சாய்வாக விழுந்தாலும் குறையும். ஆகவே ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் பார்க்காமல் எப்படி எடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

கேள்வி: 4 மாதப் பொமரேனியன் பெண் குட்டி. பிறந்ததும் மூட வேண்டிய ரத்தக்குழாய் மூடவில்லையாம். நன்றாகத்தான் ஓடுகிறாள். ஆபரேஷன் தேவையா?

பதில்: தேவை. பெருந்தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்கு ரத்தம் ஓயாமல் கசிவதால் இடது இதயம் வீங்கி, பல குட்டிகள் முதல் வயதைத் தாண்டுவதில்லை. அடையாளம், மெஷின் ஓடுவதுபோல் இடைவெளியில்லாத இரைச்சலும் தொடையில் துள்ளும் நாடியும். இரைச்சல் இடது அக்குளுக்குள் முன்பக்கமாகக் கேட்கும். ஸ்டெதஸ்கோப்பை இதயத்தின் நுனியில் மட்டும் வைத்தால் வால்வு கசிவு என்று தவறாக முடிவாகிவிடும். குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தக் குழாயை மூடத் தரும் மருந்து நாய்க்கு வேலை செய்யாது. அந்தக் குழாய்ச் சுவரில் சுருங்க வேண்டிய தசையே குறைவு. தொடைத் தமனி வழியாக கதீட்டரில் அடைப்பான் வைக்கலாம். தமனி மிகச் சிறிதாக இருந்தால் மார்பைத் திறந்து கட்டுவதுதான் வழி.

கேள்வி: 1 வயது நாய், ஓடினால் பின்கால்கள் மட்டும் மடங்குகின்றன. மர்மர் இல்லை.

பதில்: மேலே சொன்ன, மூடாமல் போன அதே குழாயில் ரத்தம் எதிர்த்திசையில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடவிட்டு உடனே பாருங்கள்: ஈறு சிவப்பாகவும், பிறப்புறுப்பின் உட்தோல் நீலமாகவும் இருக்கும். முன்கால் நரம்பில், குலுக்கிக் குமிழியாக்கிய சலைன் (உப்புநீர்) ஏற்றி, வயிற்றுப் பெருந்தமனியில் குமிழிகள் தெரிகின்றனவா என்று ஸ்கேனில் பார்த்தால் உறுதியாகும். இந்நிலையில் குழாயை மூடவே கூடாது. வலது இதயம் தாங்காது.

கேள்வி: பால் குடித்தவரை சரி. சாதம் கொடுத்ததும் அப்படியே வெளியே தள்ளுகிறது. ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி.

பதில்: குமட்டி வயிறு எக்காமல், செரிக்காத சாதம் வழுக்கி விழுகிறதா? அப்படியானால் அது வாந்தி இல்லை. பெருந்தமனி வலப்பக்கமாக வளைந்து உணவுக்குழாயை இறுக்கியிருக்கலாம். பேரியம் எக்ஸ்ரேயில் இதயத்துக்கு முன்னால் உணவுக்குழாய் பைபோல் விரிந்து தெரியும். இருமல், காய்ச்சல் வந்தால் உணவு நுரையீரலுக்குள் போய்விட்டது என்று எண்ணி அன்றே காட்டுங்கள். உணவுக்குழாயைச் சுற்றி இறுக்கும் நார்ப்பட்டையை வெட்டிவிடலாம். தாமதித்தால் விரிந்த பை பழைய நிலைக்கு வராது. அதுவரை கஞ்சிபோல் கரைத்து, முன்கால்களை உயர்த்தி நிறுத்தி ஊட்டி, 10 நிமிடம் அப்படியே பிடித்திருங்கள்.