கார்ட்டூன் வில்லனுக்குக் காசு எங்கிருந்து வருகிறது? கேள்வி பதில்

கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். உலகத்தை எப்படிப் பிடிப்பது என்பது என் துறை இல்லை. அதற்கான பட்ஜெட் மட்டும் கேளுங்கள்.

கே: குகை, ராக்கெட், நூறு அடியாட்கள். இதற்கெல்லாம் காசு ஏது சார்?

ப: கதைக்குக் கதை மாறும். 'ஃபினியஸ் அண்ட் ஃபெர்ப்' டாக்டர் டூஃபன்ஷ்மிர்ட்ஸ் வாரம் ஒரு இயந்திரம் செய்வது முன்னாள் மனைவி சார்லீன் அனுப்பும் ஜீவனாம்சத்தில். மாதாமாதம் வரும் நிலையான வருமானம் அது. அதனால்தான் எத்தனை இயந்திரம் வெடித்தாலும் மனுஷன் திவாலாவதில்லை. 'இன்கிரெடிபிள்ஸ்' சிண்ட்ரோம் ஆயுத வியாபாரி: நல்ல சரக்கைத் தனக்கு வைத்துக்கொண்டு மீதியை விற்கிறான். சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதர் முதலில் வெறும் பைத்தியக்கார விஞ்ஞானியாக இருந்தார். 1986-இல் காமிக்ஸை மாற்றி எழுதியபோது பெரிய தொழிலதிபரானார், பின்னால் வந்த கார்ட்டூன்களும் அதையே எடுத்துக்கொண்டன. லேப் செலவெல்லாம் கம்பெனிக் கணக்கில் போய்விடும்.

நிதி விஷயத்தில் ஒழுங்காக எழுதப்பட்டது என்றால் என் ஓட்டு 'டெஸ்பிகபிள் மீ' (2010) பட வில்லன் க்ரூவுக்குத்தான். வில்லன்களுக்கென்றே ஒரு வங்கி, வாசல் பலகையில் 'முன்னாள் லேமன் பிரதர்ஸ்' (2008-இல் திவாலான நிஜ அமெரிக்க வங்கி). நிலாவைத் திருட க்ரூ கடன் கேட்கிறார். 'சுருக்கும் கருவியை முதலில் கையில் வைத்துக்கொண்டு வா' என்கிறார் மேலாளர். திட்டத்தின் முக்கிய உறுப்பே கையில் இல்லாதவனுக்கு எந்த வங்கியும் பணம் தராது. கடைசியில் குழந்தைகளின் உண்டியல் உடைகிறது, மினியன்கள் தங்களிடம் இருப்பதைக் கொட்டுகிறார்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கட்டும் செலவு வில்லனைக் கவிழ்ப்பதில்லை. நடத்தும் செலவுதான் கவிழ்க்கும்.

கே: ஒரு தங்கக் கிடங்கைக் கொள்ளையடித்தால் போதாதா?

ப: தூக்கிப் பாருங்கள். வங்கிகள் வைத்திருக்கும் பெரிய கட்டி ஒன்று சுமார் 12.4 கிலோ, ஏறக்குறைய 80 கட்டி சேர்ந்தால் ஒரு டன். அந்த ஒரு டன் பக்கத்துக்கு 37 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தில் அடங்கிவிடும். அதனால்தான் ஓவியர்கள் வண்டி நிறையக் குவித்து வரைகிறார்கள். நிஜத்தில் அந்த வண்டியின் அச்சு கிளம்பும்போதே முறியும். ஒவ்வொரு கட்டியிலும் வரிசை எண், சுத்திகரித்தவர் முத்திரை, ஆண்டு இருக்கும். அப்படியே விற்க முடியாது.

கே: பணயத்தொகையாக 100 கோடி டாலரைப் பெட்டியில் கேட்டால்?

ப: அமெரிக்க நோட்டு ஒன்று ஒரு கிராம். எல்லாம் நூறு டாலர் நோட்டாகவே கொடுத்தாலும் 10 டன். பெட்டி போதாது, லாரி கேளுங்கள்.

கே: எரிமலைக் குகைதான் கெத்து. எப்படிக் கட்டுவது?

ப: ராக்கெட் நிற்க 100 மீட்டர் நீளம், 50 அகலம், 20 உயரத்தில் ஒரு கூடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் கனமீட்டர் பாறை. உடைத்ததும் கல்லுக்கு நடுவே இடைவெளி விழுந்து ஒன்றரை லட்சமாக உப்பும். பத்து கனமீட்டர் லாரியில் ஏற்றினால் 15,000 நடை. ரகசியம் முதலில் கசிவது இங்கேதான்: குகையை யாரும் பார்க்க மாட்டார்கள், மலையடிவாரத்தில் புதிதாக முளைத்த கல்மேட்டை எல்லோரும் பார்ப்பார்கள். தீவாக இருந்தால் கல்லைக் கொட்டி இறங்குதுறை கட்டிவிடலாம்.

அடுத்து வாயு. உயிருள்ள எரிமலையில் கந்தக டையாக்சைடு வரும். ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். கதவுக் கீல், மின்பலகைத் தொடர்புகள், ஏசி சுருள் என்று செம்பும் இரும்பும் இருக்கும் இடமெல்லாம் அரிக்கும். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். வில்லன் மேடையில் சிரித்துக்கொண்டிருப்பார், கீழ்த்தளத்தில் நிற்கும் அடியாள் சத்தமில்லாமல் மயங்கி விழுவான். கீழ்மட்டத்தில் உறிஞ்சும் விசிறியும் வாயு எச்சரிக்கை மணியும் வைக்காமல் ஆளை இறக்காதீர்கள். கூடவே ஊறும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைக்க வேண்டும்.

பசால்ட் லாவா 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். கண்ணாடித் தடுப்பு வைத்து அதன் ஓரத்தில் நாற்காலி போடுவதெல்லாம் ஓவியரின் கருணை. அணைந்துபோன எரிமலையைப் பிடியுங்கள். ஆரஞ்சு விளக்கு நாலு போட்டால் அதே எடுப்பு கிடைக்கும்.

கே: சுறா தொட்டி?

ப: 500 கனமீட்டர் தொட்டி என்றால், லிட்டருக்கு 35 கிராம் வீதம் பதினேழரை டன் உப்பு. சமையல் உப்பு இல்லை, கடல்நீர்க் கலவை. சுறாவின் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா உயிரி வடிகட்டியில் வேர்பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன்னால் சுறாவை விட்டால் அம்மோனியா அதைக் கொல்லும், உங்கள் எதிரியை அது கொல்லாது. மிக நுண்ணிய மின்புலத்தையும் உணரும் பிராணி என்பதால் பம்புகளின் எர்த்திங் சரியாக இருக்க வேண்டும். மேலே இருக்கும் பொறிக்கதவுக்குச் சாதாரண ஸ்டெயின்லெஸ் கீல் போட்டால் உப்புக்காற்றில் பொத்தல் விழும். வில்லன் பட்டனை அழுத்துவார், கதவு அசையாது. பம்ப் நிற்காமல் ஓட வேண்டும். நடத்தும் செலவு, மறக்காதீர்கள்.

கே: மொத்தமாக எவ்வளவு ஆகும்?

ப: மேலே படியுங்கள்.

கே: நகரத்தையே பொசுக்கும் லேசர்?

ப: நகரத்தை விடுங்கள். ஒரு மெகாவாட் கற்றைக்கே, 30 சதவீதத் திறன் என்று தாராளமாக வைத்தாலும், 3.3 மெகாவாட் உள்ளே போக வேண்டும். மீதி 2.3 மெகாவாட் வெப்பமாக உங்கள் குகைக்குள்ளேயே நிற்கும். தண்ணீரால் குளிர்விக்கிறீர்கள், 10 டிகிரி மட்டும் சூடேற விடுகிறீர்கள் என்றால் விநாடிக்கு 55 லிட்டர் ஓட வேண்டும். 'அதிக சூடு' என்று சிவப்பு விளக்கு எரியும் காட்சி மட்டும் கார்ட்டூனில் ரொம்பச் சரி.

கே: ரோட் ரன்னர் பறவையைப் பிடித்துத் தின்னத் துரத்தும் கார்ட்டூன் கயோட்டி, அக்மி கம்பெனியில் இவ்வளவு கருவி வாங்குகிறதே, அந்தக் காசுக்குச் சாப்பாடு வாங்கக்கூடாதா?

ப: எல்லா இடத்திலும் இதைக் கேட்டுவிடுகிறார்கள். பெட்டி வருகிறது, பில் வருவதில்லை. அந்தப் படங்களை இயக்கிய சக் ஜோன்ஸ் பின்னாளில் வெளியிட்ட விதிகளின்படி கருவிகள் எல்லாம் அக்மியிலிருந்துதான் வர வேண்டும். கயோட்டி நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஆனால் அது வெறிபிடித்தது. அதற்குப் பசி இரண்டாம்பட்சம்.

மறுப்பு: சும்மா இல்லை, கடனுக்கு வாங்குகிறது. பொருள் பழுதானால் தவணை கட்டத் தேவையில்லை!

ப: எந்தப் பொருள் பழுது? ராக்கெட்டை ரோலர் ஸ்கேட்டில் கட்டிக்கொண்டு கிளம்புகிறது, ராக்கெட் ஒழுங்காகத்தான் எரிகிறது. திருப்ப முடியாதது விற்றவன் குற்றமா?

மறுப்பு: 'கயோட்டியின் கையாலாகாத்தனம் அல்லது அக்மி பொருளின் கோளாறு' என்று அதே விதிகளில் இருக்கிறதே?

ப: இருக்கிறது. ஆனால் எது எப்போது என்று எழுதவில்லை. ஒவ்வொரு விபத்தையும் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும். குடை பிடித்துக்கொண்டு பாறைக்கு அடியில் நிற்பதற்கு எந்த உத்தரவாதமும் செல்லாது.

இன்னொருவர்: அந்த விதிகளே செல்லாது. கதை எழுதிய மைக்கேல் மால்டீஸ் அப்படி எதையும் கேள்விப்பட்டதில்லை என்றார்.

ப: சொன்னார்தான். ஜோன்ஸ் பின்னால் உட்கார்ந்து எழுதிய பட்டியலாகவே இருக்கட்டும், படங்கள் பெரும்பாலும் அதற்கு உட்பட்டே நடக்கின்றன.

மூன்றாமவர்: அக்மியே சம்பளம் கொடுத்துப் பொருளைச் சோதிக்க வைக்கிறது, அவ்வளவுதான்.

ப: அப்படியானால் சோதனை அறிக்கை எங்கே? ஒரு படிவத்தையாவது அது நிரப்பிப் பார்த்திருக்கிறீர்களா? இதோடு கயோட்டியை விடுவோம்.

கே: அடியாட்கள் எத்தனை பேர் தேவை?

ப: ஒரு வாசலில் இரவு பகலாக ஒருவர் நிற்க, வாரத்துக்கு 168 மணி நேரம். ஆளுக்கு 40 மணி நேர வேலை, அதில் விடுப்பும் நோயும் போக, ஐந்து பேர் வேண்டும். உங்கள் நூறு பேர் காவல் காக்கக்கூடியது இருபதே இடம். சோறும் படுக்கையும் நூறு பேருக்கு. நடத்தும் செலவு.

கே: எரிமலையில் குகை கட்ட எவ்வளவு ஆகும் அண்ணா?

ப: 15,000 லாரி.

கே: கையில் காசே இல்லாதவன் என்ன செய்வது?

ப: 'ஸ்கூபி டூ' வில்லன்களைப் பாருங்கள். முகமூடி, இருட்டில் ஒளிரும் பெயின்ட், ஒரு புரொஜெக்டர். இடம் ஏற்கெனவே பாழடைந்த மாளிகை, வாடகை கிடையாது. பேய் என்று ஊரைக் கிளப்பிவிட்டு நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்குவது, இல்லை கடத்தலுக்கு மறைவிடமாக வைத்துக்கொள்வது. போட்ட முதலுக்கு வரும் லாபத்தில் எரிமலைக்காரர்கள் ஒருவரும் இவர்கள் பக்கத்தில் நிற்க முடியாது. முகமூடியைத் தாடைக்குக் கீழே நன்றாகக் கட்டச் சொல்லுங்கள், எப்போதும் அங்கேதான் பிடித்து இழுக்கிறார்கள்.

கே: லேசருக்கு எவ்வளவு கரண்ட்...

ப: மேலே.