‘மெட்ராஸ்’ என்ற ஒரு சொல்லும் உங்கள் மகள் கேட்கும் வேலையும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு படிக்கும் மகள், கறுப்பு அங்கி அணிந்து கோர்ட்டில் வாதாடுவாள் என்று நீங்கள் காத்திருந்த நேரத்தில், “பழைய சட்டங்களை ஒழுங்குபடுத்தித் திரும்ப எழுதும் வேலைக்குப் போகிறேன்” என்று சொல்லியிருக்கிறாள். “சொந்தமாக ஒரு வரிகூடச் சேர்க்கக் கூடாத வேலைக்கு எதற்கு ஐந்து வருடப் படிப்பு?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பணம் கட்டிப் படிக்க வைத்தவர் கேட்கத்தான் வேண்டும். கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சிறு வேலை. தமிழ்நாட்டின் பழைய சட்டம் எதையாவது ஆங்கில மூலத்தில் எடுத்துப் பாருங்கள். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் கிடைத்தால் நல்லது. தலைப்பில் ‘தமிழ்நாடு’ என்ற சொல்லுக்கு மேல் ஒரு சின்ன எண் இருக்கும். பக்கத்தின் அடியில் அதற்கான குறிப்பு இருக்கும்: ‘மெட்ராஸ்’ என்ற சொல்லுக்குப் பதிலாக, 1969ஆம் ஆண்டின் சட்டங்கள் தழுவல் ஆணைப்படி இந்தச் சொல் இடப்பட்டது என்று. 1969 ஜனவரி 14 அன்று மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. அன்று வரை நடப்பில் இருந்த அத்தனை மாநிலச் சட்டங்களிலும் அந்தப் பெயரை மாற்ற வேண்டியிருந்தது.

பெயர் மாற்றம்தானே, எல்லா இடத்திலும் அடித்துவிட்டு எழுதினால் முடிந்தது என்று தோன்றும். முடியாது. சட்டப் புத்தகத்தில் ‘மெட்ராஸ்’ என்ற சொல் ஓரிடத்தில் மாநிலத்தைக் குறிக்கும், இன்னோரிடத்தில் நகரத்தைக் குறிக்கும், மற்றோரிடத்தில் உயர் நீதிமன்றத்தின் பெயரில் வரும். 1888ஆம் ஆண்டின் மெட்ராஸ் நகரக் காவல் சட்டத்தில் இருப்பது நகரம். அதை 1969இல் ‘தமிழ்நாடு’ என்று மாற்றியிருந்தால், ஒரு நகரத்துக்கு எழுதிய காவல் சட்டம் கன்னியாகுமரி வரை நீண்டிருக்கும். அந்த நகரப் பெயர் 1996இல் ஊர்ப் பெயர் மாறிய பிறகுதான் ‘சென்னை’ ஆனது. உயர் நீதிமன்றமோ ஆங்கிலத்தில் இன்றும் மெட்ராஸ் உயர் நீதிமன்றம்தான். ஒரே சொல் மூன்று வழியாகப் பிரிந்து போயிருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் இது எந்த மெட்ராஸ் என்று கேட்டு, பிரித்து, அடிக்குறிப்பு போட்டு வைத்தவர்கள் கோட்டையில் இருந்த அலுவலர்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் வேலை சரியாக இருந்ததால்தான் அதைப் பற்றி நாம் யோசிக்க நேரவில்லை.

உங்கள் மகள் கேட்பது இந்த வேலையைத்தான். பல காலமாகத் திருத்தம் மேல் திருத்தம் விழுந்து சிதறிக் கிடக்கும் சட்டங்களை ஒன்றுசேர்ப்பது, செத்துப்போன பிரிவுகளை எடுப்பது, எண்களை வரிசைப்படுத்துவது, புரியாத வாக்கியத்தைப் புரியும்படி எழுதுவது. இவ்வளவும் செய்த பிறகு, நேற்று ஒருவருக்கு இருந்த உரிமை இன்றும் அதே அளவில் இருக்க வேண்டும். நேற்று இல்லாத கடமை இன்று யார் தலையிலும் ஏறிவிடக் கூடாது.

இது எவ்வளவு கடினம் என்பதை அவளுக்கே காட்ட விரும்பி, சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தபோது ஒரு வாக்கியம் கொடுத்தேன். நானே எழுதிய பயிற்சி வாக்கியம்: “சந்தை எல்லைக்குள் கடை வைத்திருக்கும் வணிகர்களும் தரகர்களும் ஆண்டுக்கு ஒருமுறை பதிவு செய்துகொள்ள வேண்டும்.” இதைப் படிக்க எளிதாக மாற்று என்றேன். பெரும்பாலான மாணவர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். (அ) சந்தை எல்லைக்குள் கடை வைத்திருக்கும் வணிகர்கள், (ஆ) தரகர்கள் என்று இரண்டாகப் பிரித்தாள். பார்க்க அழகாக இருந்தது. பேனாவை மூடப் போனவள் நிறுத்திவிட்டு, (ஆ)வையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டையும் அடித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: “கடை இல்லாமல் சந்தையில் நின்று பேரம் பேசும் தரகர் முன்பு பதிவு செய்ய வேண்டியிருந்ததா, இல்லையா?”

வாக்கியத்தில் அதற்குப் பதில் இல்லை. ‘கடை வைத்திருக்கும்’ என்பது வணிகர்களோடு நிற்கிறதா, தரகர்களையும் சேர்த்துப் பிடிக்கிறதா என்று மூலத்தில் தெளிவில்லை. அவள் பிரித்து எழுதிய கணத்தில் கடையில்லாத தரகர்கள் எல்லோரும் பதிவுக்குள் வந்துவிட்டார்கள். சட்டமன்றம் எடுக்க வேண்டிய முடிவை ஒரு பத்திப் பிரிப்பு எடுத்துவிட்டது. இந்த இடத்தில் சட்ட வாசகம் எழுதும் நல்ல வரைவாளர் குழப்பத்தை அப்படியே வைத்துவிட்டு, இங்கே இரண்டு பொருள் வருகிறது, பேரவைதான் முடிவு செய்ய வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதி அனுப்புவார். தனக்குச் சரியென்று படுவதைச் சட்டத்தில் ஏற்றும் உரிமை அவருக்கு இல்லை. பதினைந்து நிமிடத்தில் அந்த இடத்தில் வந்து நின்ற பெண்ணிடம் “உனக்கு எதற்கம்மா இந்த வேலை” என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, ஐயா.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கைக்கே வந்த விஷயம் ஒன்று இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் இயற்றினார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 819 பிரிவுகள் 536 ஆயின. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் ஏறக்குறையப் பாதியாயின. வரி விகிதத்தை மாற்றுவதில்லை, கொள்கையில் பெரிய மாற்றம் இல்லை, மொழியையும் அமைப்பையும் எளிமையாக்குவதே நோக்கம் என்று அரசு சொன்னது. ஆனால் 2025 பிப்ரவரியில் அறிமுகமான முதல் மசோதாவில், வரியைத் திரும்பப் பெற வேண்டுமானால் கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்று பொருள்படும் வாசகம் ஒன்று வந்துவிட்டது. வைப்பு நிதி வட்டியில் வங்கி வரி பிடித்துக்கொண்ட ஓர் ஓய்வூதியர், உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் தாமதமாகத் தாக்கல் செய்தால், தன் பணத்தையே திரும்பக் கேட்க முடியாது. மசோதாவை ஆராய்ந்த மக்களவைத் தெரிவுக் குழு இதைப் பிடித்தது. 285 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. ஆகஸ்டில் அரசு அந்த மசோதாவைத் திரும்பப் பெற்று, திருத்திய இரண்டாவது மசோதாவைக் கொண்டுவந்து நிறைவேற்றியது. எளிமையாக்கும்போது ஒரு வரி எங்கே போய் இடிக்கும் என்று முன்கூட்டியே பார்க்கத் தெரிந்த கண்கள் எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிடிபடாமல் போனதும் உண்டு. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டங்கள் எல்லாவற்றையும் 1874இல் ஒரே தொகுப்பாக்கினார்கள். அரசு அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரின் உரிமையை மீறுபவர்மேல் வழக்குப் போடலாம் என்ற 1871ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குள் போனது. போகும்போது, மாநிலச் சட்டமோ வழக்கமோ எதிராக இருந்தாலும் இது செல்லும் என்று பொருள்படும் 16 ஆங்கிலச் சொற்கள் விடுபட்டன. சட்டப் பேராசிரியர் அலெக்சாண்டர் ரைனெர்ட் இதைச் சுட்டிக்காட்டி எழுதியதும், கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதி டான் வில்லெட் அதை ஒரு வழக்கில் எடுத்துப் பேசியதும் 2023இல். இடையில் ஏறத்தாழ 150 ஆண்டுகள். அதிகாரிகளுக்கு நீதிமன்றங்கள் கொடுத்துவரும் சட்டப் பாதுகாப்பின் அடித்தளத்தையே அந்த 16 சொற்கள் கேள்விக்கு உள்ளாக்குகின்றன என்பது அவர்கள் வாதம்.

அதே நாட்டில் டெக்சாஸ் மாநிலம் 1963 முதல் இதை நிரந்தர வேலையாகவே வைத்து நடத்துகிறது. சட்டத்தின் பொருளையும் விளைவையும் மாற்றக் கூடாது என்று தொகுப்பவர்களுக்குச் சட்டமே கட்டளையிட்டிருக்கிறது. அப்படியும் வரியைத் திரும்பப் பெறுவது பற்றிய பிரிவொன்றைத் தொகுத்தபோது, வரியை அரசுக்கு நேரடியாகக் கட்டியவர்தான் திரும்பக் கேட்கலாம் என்ற கட்டுப்பாடு விடுபட்டது. வழக்கு வந்தபோது, புதிய வாசகம் ஐயமின்றித் தெளிவாக இருந்தால் அதுவே செல்லும் என்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. நோக்கம் எதுவாக இருந்தாலும் அச்சில் வந்ததே சட்டம் என்றாகிவிட்டது. கை தவறினால் திரும்ப எடுக்க முடியாத வேலை இது.

இனி நீங்கள் உண்மையில் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன்: வேலை எங்கே இருக்கிறது?

நேரடியாகக் கல்லூரி முடித்ததும் உட்காரும் நாற்காலி இல்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மத்திய சட்ட அமைச்சகத்தில் சட்டம் இயற்றும் துறை என்று தனியாக ஒன்று இருக்கிறது. மசோதாக்கள் அங்கேதான் உருப்பெறுகின்றன. அங்குள்ள வரைவாளர் பதவிகளுக்கு யு.பி.எஸ்.சி. வழியாகத் தேர்வு, சட்டப் பட்டத்தோடு பல ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். மாநிலத்தில் தலைமைச் செயலகத்தின் சட்டத் துறை இந்த வேலையைப் பார்க்கிறது. சட்டம் படித்தவர்களுக்கான அங்குள்ள பணியிடங்களை டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளில் தொடர்ந்து பார்த்துவர வேண்டும். தகுதி, வயது வரம்பு எல்லாவற்றையும் அந்தந்த அறிவிக்கையில்தான் படிக்க வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று நம்ப வேண்டாம், நான் சொன்னாலும்கூட.

ஆகவே என் யோசனை இது. படிப்பை முடித்ததும் பார் கவுன்சிலில் பதிவு செய்து, ஒரு மூத்த வழக்கறிஞரிடம் மூன்று, நான்கு ஆண்டுகள் ஜூனியராக இருக்கட்டும். சிவில் பக்கம், அல்லது வரி, நிலம் போன்ற சட்டங்கள் புழங்கும் இடம் நல்லது. உங்கள் ஆசையும் நிறைவேறும், அவளுக்கு வேண்டிய அனுபவமும் சேரும். ஒரு வாக்கியத்தை எதிர்த்தரப்பு எப்படியெல்லாம் வளைக்கும் என்பதைக் கோர்ட்டில் பார்த்தவர்களே வளையாத வாக்கியம் எழுதுகிறார்கள். இதற்கிடையில் டெல்லியில் உள்ள சட்ட வரைவு மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் பயிற்சிகளையும், சட்ட மாணவர்களுக்கான வாய்ப்புகளையும் கவனித்து வரட்டும். அது சட்டம் இயற்றும் துறையைச் சேர்ந்தது, 1989இல் தொடங்கியது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உதவியாளராக ஏறத்தாழ ஓராண்டு பணியாற்றும் ‘லாம்ப்’ திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். மசோதா சபைக்குள் எப்படி நகர்கிறது என்பதை உள்ளே இருந்து பார்க்கலாம். இதில் எது கிடைக்காவிட்டாலும் அவள் ஒரு வழக்கறிஞர். கைத்தொழில் கையில் இருக்கும்.

தமிழைப் பற்றி ஒரு சொல். அவள் பள்ளியில் தமிழ்வழி படித்தவள் என்பதைக் குறைபோல எழுதியிருந்தீர்கள். எனக்கு அது முதலீடாகத்தான் தெரிகிறது. மத்தியச் சட்டங்களின் மாநில மொழி ஆக்கத்தை அதிகாரபூர்வ வாசகமாக வெளியிட 1973ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. ‘வரம்புரை’ (பிரிவுக்கு விலக்கோ நிபந்தனையோ சொல்லும் பகுதி), ‘நீக்கறவு’ (சட்டத்தை ரத்து செய்வது), ‘சட்டமுன்வடிவு’ (மசோதா) போன்ற சொற்களை இடமறிந்து ஆளத் தெரிந்த, ஆங்கில மூலத்தையும் நுட்பமாகப் படிக்கக்கூடிய ஆட்கள் குறைவு. இரண்டு மொழியிலும் ஒரே எடை நிற்கும்படி எழுதத் தெரிந்தவளை யாரும் எளிதில் விட மாட்டார்கள்.

கம்ப்யூட்டர் இந்த வேலையைப் பிடுங்கிக்கொள்ளாதா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். ‘மெட்ராஸ்’ எங்கெங்கே வருகிறது என்று அது நொடியில் எடுத்துக் கொடுக்கும்; கொடுக்கட்டும், நல்லதுதான். எந்த மெட்ராஸ் என்று முடிவு செய்து கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். தவறினால் பேரவைக்குப் பதில் சொல்லவும் அவரே வேண்டும்.

எல்லோருக்கும் இந்த வேலையை நான் சொல்வதில்லை. மேடையும் கைதட்டலும் தேடும் பிள்ளைகள் இதில் ஓராண்டுகூடத் தாங்க மாட்டார்கள். உங்கள் மகள் அப்படி இல்லை என்பது என் கணிப்பு. ஆனால் ஒரு மணி நேரம் பார்த்தவன் நான், இருபது வருடம் வளர்த்தவர் நீங்கள்.

இப்போதைக்கு அவளிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். பழைய வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவும் புதிய சட்டத்தின் 123ஆம் பிரிவும் சேமிப்புக்குத் தரும் ஒரே வரிச் சலுகையைப் பற்றியவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல் போனது, எது வந்தது, அதனால் யாருக்காவது ஒரு ரூபாய் கூடவோ குறையவோ செய்கிறதா என்று எழுதி வரச் சொன்னேன். பழைய எண்ணைக் குறிப்பிடும் வேறு சட்டங்கள் என்ன ஆகும் என்பதையும் சட்டங்களுக்குப் பொருள்கொள்ளும் பொது விதிகளைச் சொல்லும் ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 8ஆம் பிரிவைப் படித்துவிட்டு எழுத வேண்டும். நீங்கள் பல வருடம் அந்தச் சலுகையில் சேமித்தவர். அவள் எழுதியதை ஒரு நாள் மாலை உட்கார்ந்து அவளோடு சேர்ந்து படியுங்கள்; புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த சனிக்கிழமை இருவரும் வரும்போது அந்தத் தாளை எடுத்து வாருங்கள்.