பளபளக்கும் பக்கமா, படம் அச்சிட்ட பக்கமா? – வீடியோ கேம் டிஸ்க்குகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அண்ணன் வைத்திருந்த முதல் தலைமுறை ப்ளேஸ்டேஷனின் டிஸ்க்குகளை அண்மையில் பரணிலிருந்து இறக்கினேன். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு. இயந்திரம் எப்போதோ பழுதாகிவிட்டது. ஆனாலும் அவற்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. கறுப்பு நிறம் எதற்காக? மற்றத் தகடுகளைவிட அது உறுதியானதா? (வாசகர், ஈரோடு)

பதில்: உங்கள் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது, என் மேசை இழுப்பறையிலும் அப்படி ஒரு டிஸ்க் இருக்கிறது. பெட்டியைத் திறந்து, நடுவிலுள்ள பற்களைக் கட்டைவிரலால் அழுத்தினால், 'டக்' என்ற ஓசையுடன் தகடு விடுபட்டு மேலே எழும்பும். 15 மில்லிமீட்டர் துளைக்குள் ஆள்காட்டி விரலையும் விளிம்பில் கட்டைவிரலையும் வைத்துப் பிடித்தால், கையில் சுமையே தெரியாத, ஆனால் துளியும் தொளதொளக்காத ஒரு பொருள் அது. விட்டம் 120 மில்லிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 15 கிராம். விளக்கின் கீழ் சாய்த்தால் கறுப்புக்குள்ளிருந்து விளக்கின் உருவம் ஆழ்கிணற்றுத் தண்ணீரில் தெரிவதைப்போல மங்கலாகத் தெரியும். வெள்ளி நிறத் தகட்டில் அந்த ஆழம் கிடையாது.

1994 டிசம்பரில் ஜப்பானில் ப்ளேஸ்டேஷன் வெளியானபோதே அதன் தகடுகள் இப்படித்தான் வந்தன. பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கில் சாயம் கலந்து செய்தது அந்தக் கறுப்பு. குறுந்தகட்டைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர்; அது அகச்சிவப்பு. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் அந்தச் சாயம் அகச்சிவப்பு ஒளியைத் தடையின்றி உள்ளே விடும். ஆகவே நமக்குத்தான் அது கறுப்பு. லேசருக்கு அது ஊடுருவிச் செல்லும் தெளிந்த கண்ணாடி.

நகல் எடுப்பதைத் தடுத்தது அந்த நிறம்தான் என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். அது சரியல்ல. தகட்டின் உட்சுற்றில் தடம் மிக நுண்ணிய அளவில் நெளியும்படி ஆலையிலேயே பதிக்கப்பட்டிருந்தது. வீட்டுக் கணினியின் ரைட்டரால் அந்த நெளிவை எழுத முடியாது என்பதே உண்மையான பூட்டு. உறுதியிலும் கறுப்புக்கும் வெள்ளிக்கும் வேறுபாடு இல்லை, இரண்டும் ஒரே பிளாஸ்டிக்தான். ஆனால் கறுப்பில் ஒரு கைரேகை பட்டாலும் உடனே தெரிந்துவிடுவதால், நாமெல்லாம் அதை விளிம்பில் பிடிக்கக் கற்றுக்கொண்டோம் என்று நான் நினைக்கிறேன்.

தகட்டைக் கையாளும் இன்பத்தை அதன் பின்னும் சில நிறுவனங்கள் மறக்கவில்லை. ப்ளேஸ்டேஷன் 2-க்குக் குறுந்தகடாக வந்த விளையாட்டுகளின் அடிப்பக்கம் நீலமாக இருந்தது. 2001-ல் வந்த நின்டெண்டோ கேம்கியூபின் டிஸ்க் வெறும் 8 சென்டிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதே நிறுவனத்தின் இன்னொரு இயந்திரமான வீ யூவின் (Wii U) டிஸ்க்குகளின் விளிம்பு மழுங்கலாக, விரலுக்கு இதமாக உருட்டப்பட்டிருக்கும். 1997-ல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 7' மூன்று டிஸ்க்குகளில் வந்தது. கதை ஒரு கட்டத்துக்கு வந்ததும் அடுத்த டிஸ்க்கைப் போடச் சொல்லித் திரையில் அறிவிப்பு தோன்றும். எழுந்து போய் மூடியைத் திறந்து தகட்டை மாற்றிய அந்த அரை நிமிடம், கதையின் ஒரு பாகம் முடிந்ததைக் கையாலேயே உணர்ந்த நேரம்.

கேள்வி: அடிப்பக்கம் நிறைய மெல்லிய கீறல்கள் இருந்தும் ஒரு பழைய குறுந்தகடு நன்றாக ஓடுகிறது. அடியில் கீறலே இல்லாத இன்னொன்று பாதியில் நின்றுவிடுகிறது. இது எப்படி? (வாசகி, திருச்சி)

பதில்: நின்றுபோகும் தகட்டைத் திருப்பி, படம் அச்சிட்ட பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

குறுந்தகட்டில் தரவு இருப்பது பளபளக்கும் அடிப்பரப்பில் என்று நாம் எல்லோருமே எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது மேல்பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. முதலில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக். அதன் மேல்முகத்தில் நுண்ணிய குழிகள். அவற்றின் மேல் மிக மெல்லிய அலுமினியப் படலம். அதற்கு மேல் வார்னிஷ் போன்ற ஒரு பூச்சு. அதன்மேல் அச்சு மை. பூச்சும் மையும் சேர்ந்தாலும் தடிமன் சில பத்து மைக்ரான்களைத் தாண்டாது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). குழந்தை பால்பாயின்ட் பேனாவால் மேலே அழுத்திப் பெயர் எழுதினாலும், ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்து எடுத்தாலும், அலுமினியம் அதோடு பெயர்ந்து வந்துவிடும். பெயர்ந்த இடத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் அலுமினியக் கண்ணாடி இல்லாததால் லேசர் ஒளி அப்படியே வெளியே போய்விடும். அதைச் சரிசெய்ய எந்த வழியும் கிடையாது.

அடிப்பக்கக் கீறல்கள் பொறுத்துக்கொள்ளப்படுவதற்குக் காரணம் உண்டு. லேசர் ஒளி தகட்டின் அடிப்பரப்பில் நுழையும்போது ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமாக இருந்து, உள்ளே செல்லச் செல்லக் குவிந்து, குழிகளை அடையும்போது இரண்டு மைக்ரானுக்கும் குறைவான புள்ளியாகிறது. சன்னலின் கொசுவலைக்கு மிக அருகில் கண்ணை வைத்துத் தெருவைப் பார்த்தால் வலை மறைந்து தெரு மட்டும் தெரிவதைப்போல, மயிரிழைக் கீறலும் தூசியும் லேசரின் பார்வையில் மங்கிவிடுகின்றன. மீறி விடுபட்ட தரவையும், அக்கம்பக்கத்தில் சிதறலாக எழுதிவைத்த கூடுதல் தகவலிலிருந்து இயந்திரம் கணக்கிட்டு மீட்டுவிடும். தடத்தின் வழியே தொடர்ச்சியாக ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்திருந்தாலும் அதனால் சமாளிக்க முடியும்.

துடைக்கும் முறையும் இதிலிருந்தே வருகிறது. தடம் நடுவிலிருந்து வெளியே சுருளாக ஓடுவதால், வட்டமாகத் துடைக்கும்போது ஏற்படும் கீறல் ஒரே தடத்தோடு நீண்ட தூரம் கூடவே போய்விடும்; நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தால் உண்டாகும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் ஒரு கணமே குறுக்கிடும். பழைய, நன்கு துவைத்த பருத்தித் துணி போதும்.

கேள்வி: பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்கிறார்களே? (வாசகர், சேலம்)

பதில்: பற்பசை ஒரு மெல்லிய உராய்வுப் பொருள். குறுந்தகட்டிலும் டிவிடியிலும் ஆழமில்லாத கீறலின் கரைகளை அது மழுக்குவதால் சிலசமயம் பலன் கிடைக்கிறது; கூடவே நூறு புதிய நுண்கீறல்களும் கிடைக்கின்றன. எடுத்தெறியத் தயாராக இருக்கும் தகட்டில் மட்டும் முயன்று பாருங்கள். ப்ளேஸ்டேஷன் 4, 5 விளையாட்டுகள் வரும் புளூரே வகை டிஸ்க்கில் மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் இப்போதைய ப்ளேஸ்டேஷன் 4, 5 டிஸ்க்குகள் பழையவற்றைவிட மென்மையானவையா? (வாசகர், நெல்லை)

பதில்: அடிப்பக்கப் பூச்சைப் பொறுத்தவரை கடினமானவை, உள்ளே ஆழத்தைப் பொறுத்தவரை மென்மையானவை. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டியது. தரவு நடுவில் பத்திரமாக இருக்கும். அதனால் மேல்பக்கக் கீறல் அதைக் குறுந்தகட்டைப்போல உடனே கொல்லாது. ஆனால் வளைத்தால் ஒட்டு விடும். புளூரே டிஸ்க்கிலோ 405 நானோமீட்டர் நீலஊதா லேசர் படிக்கும் தரவு, அடிப்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. தடங்களுக்கு இடையிலான தூரம் குறுந்தகட்டில் 1.6 மைக்ரான், இதில் 0.32 மைக்ரான். இவ்வளவு நெருக்கத்தில் ஒரு கீறலையும் அனுமதிக்க முடியாது என்பதால்தான் மிகக் கடினமான ஒரு பூச்சை அதன் மேல் பூசுகிறார்கள். சாதாரணப் புழக்கத்தில் அந்தப் பூச்சு வியக்கத்தக்க அளவுக்குத் தாங்கும். என்னிடமுள்ள புளூரே தகடுகளில் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் அடிப்பக்கம் புதிதுபோலவே இருக்கிறது. பூச்சைத் தாண்டி ஆழமாகக் கீறிவிட்டால், தேய்த்து மெருகேற்றுவதற்கு அங்கே தடிமன் மிச்சமில்லை.

எந்தத் தகடாக இருந்தாலும் லேசர் அதைத் தொடுவதில்லை. கிராமபோன் ஊசியும் கேசட் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் ஒவ்வொரு முறையும் உரசித் தேய்த்தன. டிஸ்க்கோ ஆயிரம் முறை ஓடினாலும் ஓடியதால் தேயாது. அதைத் தேய்ப்பது நம் கை, நம் அலமாரி, நம் ஊர்க் காற்று. அதைப் படிக்கும் இயந்திரத்தின் லேசரும் மோட்டாரும் பெரும்பாலும் தகட்டுக்கு முன்பே மூப்படைந்துவிடும். ஈரோட்டு வாசகர் வீட்டில் நடந்தது அதுதான்.

கேள்வி: டிஸ்க் வாங்கினாலும் பல மணி நேரம் டவுன்லோடு ஆகிறதே, பிறகு டிஸ்க் எதற்கு? (வாசகர், சென்னை)

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. சில விளையாட்டுகளின் டிஸ்க்கில் முழு விளையாட்டும் இருக்கும், பின்னர் வரும் திருத்தங்கள் மட்டுமே இணையத்தில் இறங்கும். சிலவற்றில் ஒரு பகுதிதான் இருக்கும். இன்னும் சில பெட்டிகளுக்குள் தகடே இல்லாமல், விளையாட்டை இணையத்தில் இறக்கிக்கொள்வதற்கான ஒரு குறியீட்டுச் சீட்டு மட்டும் கிடக்கும். வாங்கும்முன் அட்டையின் சிறிய எழுத்துகளைப் படித்துவிடுங்கள். 2024 நவம்பரில் வந்த ப்ளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிஸ்க் டிரைவைத் தனியாகத்தான் வாங்கிப் பொருத்த வேண்டும். முழு விளையாட்டும் தகட்டில் இருக்குமானால் நான் இன்றும் தகட்டையே வாங்குவேன். அதைத் தம்பிக்குக் கொடுக்கலாம், விற்கலாம், இணையக் கடையின் சர்வர் மூடப்பட்ட பின்னும் போட்டு ஓட்டலாம்.

கேள்வி: கடற்கரை ஊரில் இருக்கிறேன். பழைய டிஸ்க்குகளை இரண்டாம் கையாக வாங்கிச் சேர்க்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும், எப்படி வைக்க வேண்டும்? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: ஈரமும் உப்பும் கலந்த காற்றுக்கு நேராக அஞ்ச வேண்டியது அலுமினியப் படலம்தான். மேல்பூச்சு முழுமையாக இருக்கும்வரை காற்று உள்ளே போகாது. விளிம்பில் பூச்சு சிதைந்திருந்தால் அங்கிருந்து அலுமினியம் மெல்ல அரிக்கத் தொடங்கும். பூச்சே சரியாக அமையாமல் போனதும் உண்டு. 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் தயாரான இசைக் குறுந்தகடுகள் பலவற்றில், உறைக் காகிதத்திலிருந்த கந்தகம் பூச்சை ஊடுருவியதால் தகடே வெண்கல நிறமாக மாறியது.

ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய கெட்டிப் பெட்டியில், புத்தகத்தைப்போல நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் நாளடைவில் வளையக்கூடும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுப்பற்களை அழுத்தாமல் விளிம்பைப் பிடித்து இழுத்தால் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழும். அப்படி விரிசல் விழுந்த தகட்டை விலை மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். சுழலும் வேகத்தில் அது இயந்திரத்துக்குள்ளேயே உடைந்துபோகலாம்.

கடையில் வெள்ளி நிறக் குறுந்தகட்டைக் கையில் எடுத்ததும் அடிப்பக்கக் கீறலை எண்ணத் தொடங்காமல், படம் உங்கள் பக்கம் இருக்கும்படி அதை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். அலுமினியம் முழுமையாக இருந்தால் விளக்கு சீராக மங்கித் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. ஊசி குத்தியதைப்போல வெள்ளைப் புள்ளிகள் மின்னினால், அந்த இடங்களில் படலம் போய்விட்டது. ஓரிரு புள்ளிகளை இயந்திரத்தின் பிழைதிருத்தம் தாங்கிக்கொள்ளும். விண்மீன் கூட்டம்போலத் தெரிந்தால் தகட்டைப் பெட்டியில் வைத்துக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.